நாலு காலுக்கு வெட்டிய படி

ஆனைக்கல் காட்டு விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு களஞ்சியம் வைத்திருந்தன. குளத்தை ஒட்டி ஒரு பெரிய பாறை. அதன் பாதி உயரத்தில் ஒரு குகை. அதுதான் களஞ்சியம். மூங்கில் அரிசி, பலாக்கொட்டை, இலுப்பைக் கொட்டை என்று காட்டில் விளைந்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது எடுத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

களஞ்சியத்துக்குத் தலைவர் கருப்பண்ணன் என்ற கரடி. நல்ல மனசுக்காரர். யாருக்கு என்ன துன்பம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். மரத்திலிருந்து காய் பறித்துப் போடுவது குரங்கு காத்தாயியின் வேலை. குழி தோண்டுவது முள்ளம்பன்றி வேலன். காவல் காப்பது நரி நல்லமுத்து. குகைக்குள் உட்கார்ந்து சொத்தைக் கொட்டைகளைப் பொறுக்கிப் போட்டு, நல்லதைப் பதம் பார்த்து அடுக்குவது தும்பை என்ற கீரி.

தும்பைக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கை வேலை செய்யும், வாய் ஊர்க்கதை பேசும். குகைக்குள் அவள் சிரிப்புச் சத்தம் கேட்காத நாள் இல்லை.

ஒரு மாரிக்காலத்தில் அவள் வேட்டைக்காரன் வைத்த கண்ணியில் சிக்கிக்கொண்டாள். நண்பர்கள் கடித்து அறுத்து வெளியே எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் கண்ணி இறுக்கியதில் இடுப்பு நசுங்கியிருந்தது. புண் ஆறிய பிறகும் பின்னங்கால்கள் இரண்டும் அசையவில்லை.

வளைக்குள் படுத்தபடி பல நாள் அழுதாள். பிறகு முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துப் பார்த்தாள். முதலில் வளைவாசல் வரை வந்தாள். அப்புறம் குளக்கரை வரை. சமதரையில் அவளால் ஓரளவு வேகமாகவே போக முடிந்தது. ஒரு நாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் களஞ்சியப் பாறையின் அடிக்கு வந்து நின்றாள்.

குகைக்குப் போக வேண்டுமானால் ஒரு பாறைத் திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குத் தாவ வேண்டும். தும்பை முன்னங்கால்களை முதல் திட்டின் மேல் வைத்தாள். எம்பினாள். வழுக்கிக் கீழே விழுந்தாள். மறுபடி எம்பினாள். மறுபடி விழுந்தாள்.

கருப்பண்ணன் மேலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"என்ன தங்கச்சி இது? இந்த உடம்போட ஏன் இங்க வந்த? நீ வளையிலேயே இரு. உன் பங்கு மாசம் தவறாம உன் வாசலுக்கு வந்து சேரும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

"பங்கு வந்து சேரும்ண்ணே. அது எனக்குத் தெரியும்" என்றாள் தும்பை. "ஆனா நான் வேலைக்கு வந்திருக்கேன். கொட்டை பொறுக்க முன்னங்கால்தான் வேணும். அது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

கரடிக்கு அது நியாயமாகப் பட்டது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு காத்தாயியைக் கூப்பிட்டார்.

"காத்தாயி, காலையில வரும்போது தும்பையைத் தூக்கிட்டு வா. சாயங்காலம் போகும்போது இறக்கி விட்டுடு. என்ன சொல்ற?"

"இதுக்கென்ன, தாராளமா" என்றாள் காத்தாயி. உடனே தும்பையை முதுகில் ஏற்றிக்கொண்டு தாவினாள். குகையில் எல்லோரும் தும்பையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். வேலன் சந்தோஷத்தில் முள்ளைச் சிலிர்க்க, பக்கத்தில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள். தும்பைக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் சில நாள்கள் எல்லாம் நன்றாகத்தான் போயின.

பிறகு தும்பைக்குச் சில விஷயங்கள் உறைக்க ஆரம்பித்தன. நண்பகலில் எல்லோரும் குளத்துக்கு இறங்கிப் போவார்கள். தண்ணீர் குடித்து, நிழலில் படுத்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவார்கள். தும்பை குகையில் தனியாக இருப்பாள். காத்தாயி இலையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். தும்பை நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். கீழே இறங்க வேண்டுமானால் காத்தாயியைக் கூப்பிட வேண்டும். அதனால் தாகத்தைப் பழகிக்கொண்டாள்.

களஞ்சியத்தைப் பற்றிய பேச்சுகளும் அந்தக் குளக்கரையில்தான் நடக்கும். எந்தக் காயை எப்போது பறிப்பது, எதை எங்கே வைப்பது என்று அங்கேயே முடிவாகிவிடும். தும்பைக்கு மறுநாள்தான் தெரியவரும்.

"பலாக்கொட்டையைப் பின்பக்கம் மாத்தச் சொன்னது யாரு? அங்க ஈரம் அதிகமாச்சே" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நேத்தே பேசி முடிச்சாச்சே தும்பை" என்றான் வேலன், வெள்ளந்தியாக. அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு அதிகமாக வலித்தது.

இன்னொன்றும் இருந்தது. தும்பையும் காத்தாயியும் முன்பெல்லாம் ஓயாமல் சண்டை போடுவார்கள். நாவல் பழம் இனிப்பா துவர்ப்பா என்பதற்கே அரை நாள் வாதாடுவார்கள். இப்போது காத்தாயி என்ன சொன்னாலும் தும்பை, "ஆமா, ஆமா" என்றாள். சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டுமே. சுமந்து செல்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அந்த வருஷக் கோடை மிகக் கடுமையாக இருந்தது. புல்லெல்லாம் சருகாகிவிட்டது. ஒரு நண்பகல், குளத்துக்கு அக்கரையில் அத்திப்பழம் பழுத்துக் கொட்டிக் கிடக்கிறது என்று செய்தி வந்தது. எல்லோரும் கிளம்பினார்கள்.

"சீக்கிரம் வந்துடுறேன் தும்பை. உனக்கும் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் காத்தாயியும் போனாள்.

தும்பை வேலையில் மூழ்கியிருந்தாள். முதலில் ஒரு வாடை வந்தது. பிறகு குகைவாசலில் வெளிச்சம் மங்கியது. இழுத்து இழுத்து வாசலுக்கு வந்து பார்த்தாள். பாறையின் அடியில் புல்மேடு எரிந்துகொண்டிருந்தது. காற்று தீயை இந்தப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு வந்தது.

"காத்தாயி" என்று கத்தினாள். பதில் இல்லை. "அண்ணே" என்று கத்தினாள். தீ வெடிக்கும் சத்தம்தான் கேட்டது.

இறங்கிவிடலாம் என்று நினைத்தாள். வாசலுக்குக் கீழே இருந்த திட்டுக்கு உருண்டே போனாள். விழுந்த வேகத்தில் தோள் இடித்தது. அடுத்த திட்டு இன்னும் ஆழத்தில் இருந்தது. அதற்குக் கீழே தீ. மறுபடி மேலே ஏற வேண்டும். பாறை வெடிப்பில் நகத்தைக் கொடுத்து, பல்லைக் கடித்து, உடம்பை இழுத்தாள். நகங்கள் பிய்ந்தன. எப்படி ஏறினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை.

குகைக்குள் புகை நிரம்பிவிட்டது. பின்பக்கம் ஈரம் கசியும் மூலை ஒன்று உண்டு. அங்கே போய் ஈர மண்ணில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள். இருமிக்கொண்டே கிடந்தாள்.

அக்கரையிலிருந்து புகையைப் பார்த்ததும் எல்லோரும் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டார்கள். கருப்பண்ணன் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தும்பை எங்கே?"

காத்தாயியின் முகம் வெளிறிப்போனது. "நான்... வேலன் இறக்கி விட்டிருப்பான்னு நினைச்சேன்."

"நானா? என் முதுகெல்லாம் முள்ளு, நான் எப்படித் தூக்குவேன்? நீ தூக்கிட்டு வந்திருப்பேன்னு நான் இருந்துட்டேன்" என்றான் வேலன்.

புல் எரிந்து முடிந்து கரி மட்டும் கனன்றுகொண்டிருந்தபோதே கரடி பாறைக்கு ஓடினார். உள்ளங்கால் வெந்தது. அவர் நிற்கவில்லை. குகைக்குள் நுழைந்து, "தும்பை, தும்பை" என்று கூப்பிட்டார். மூலையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

"தண்ணி" என்றாள் தும்பை.

அவளைக் குளக்கரைக்குத் தூக்கிவந்தார்கள். அவள் குடித்தாள், குடித்தாள், வயிறு நிறையக் குடித்தாள்.

கருப்பண்ணனுக்குக் கோபம் பொங்கியது. காத்தாயியின் பக்கம் திரும்பினார்.

"உன்னை நம்பித்தானே விட்டேன்? ஒரு பழத்துக்காக அவளை மறந்துட்டுப் போயிட்டியே."

காத்தாயி தலை குனிந்து அழுதாள்.

"அவளைத் திட்டாதீங்க அண்ணே" என்றாள் தும்பை. குரல் கரகரத்தது. "அவளுக்கும் பசி இருக்கும், மறதி இருக்கும், சொந்த வேலை இருக்கும். என் காலைக் கொண்டுபோய் அவ முதுகில வச்சோமே, அங்கதான் தப்பு."

கரடி அவளையே பார்த்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. "சரிதான். இனிமே நீ அங்க வரவே வேண்டாம் தங்கச்சி. இன்னைக்கு என் உயிரே போயிடுச்சு. உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் எப்படித் தாங்குவேன்? வளையில பத்திரமா இரு."

தும்பைக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. தீயின்போது வந்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது. தீ போய்விட்டது. இந்தக் கருணை போகாது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நீங்க தலைவரா வந்தப்போ குகைவாசல் எப்படி இருந்துச்சு?"

கரடி யோசித்தார். "சின்னதா இருந்துச்சு. என் தலைகூட நுழையாது."

"அப்போ என்ன செஞ்சோம்?"

"நீங்க எல்லாரும் சேர்ந்து கல்லைப் பேத்து வாசலை அகலமாக்கினீங்க."

"யாராவது உங்களை வீட்டிலேயே இருங்கன்னு சொன்னோமா? உங்க உடம்பு பெரிசுன்னு பரிதாபப்பட்டோமா? வாசல் சின்னதா இருக்கு, பெரிசாக்கணும்னு நினைச்சோம். அவ்வளவுதான். எனக்கு மட்டும் ஏன் அண்ணே என் உடம்புதான் குறையாத் தெரியுது? வழி ஏன் குறையாத் தெரியல?"

கருப்பண்ணன் எழுந்து, வெந்த காலோடு நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

தும்பையின் நகங்கள் வளரும்வரை அவள் வளையிலேயே இருந்தாள். பாறைப் பக்கமிருந்து தினமும் கல் உடைக்கும் சத்தம் கேட்டது. ஒரு நாள் காலை கரடியே அவளைத் தேடி வந்தார். உடம்பெல்லாம் கல்தூசி. முகமெல்லாம் சிரிப்பு.

"வா தங்கச்சி. வந்து பாரு."

பாறையின் அடியிலிருந்து குகைவாசல் வரை படிகள் வெட்டியிருந்தார். கரடி தனி ஆளாக, காலில் புண்ணோடு வெட்டிய படிகள். அகலமான, அழகான படிகள். எல்லா விலங்குகளும் பார்க்கக் கூடியிருந்தன.

"ஏறு, ஏறு" என்றார் கரடி ஆசையாக.

தும்பை முதல் படியின் அடியில் போய் நின்றாள். படியின் விளிம்பு அவள் தலைக்கு மேலே இருந்தது. நாலு காலும் நன்றாக இருந்தபோதுகூட அவள் அதைத் தாவித்தான் ஏற வேண்டியிருந்திருக்கும். அது கரடியின் காலுக்கு ஏற்ற உயரம்.

அவள் திரும்பிக் கரடியைப் பார்த்தாள். அவர் உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லா இருக்குண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோருக்கும் மனசு குளிரும். நாளைக் காலையில் காத்தாயி பழையபடி அவளை முதுகில் ஏற்றிக்கொள்வாள்.

"அண்ணே, உங்க உழைப்பை நான் மறக்க மாட்டேன்" என்றாள் தும்பை. "ஆனா இந்தப் படியில என்னால ஏற முடியாது."

கரடியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அதானே பார்த்தேன்" என்றான் நல்லமுத்து நரி. "என்ன செஞ்சாலும் இவளுக்குப் போதாது. ஒருத்திக்காகக் காட்டையே புரட்டிப் போட முடியுமா?"

கருப்பண்ணனுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. "இவ்வளவு நாள் முதுகொடிய வெட்டியிருக்கேன் தும்பை. நாலு காலுக்குப் படின்னா இப்படித்தான் இருக்கும்."

"எனக்கு ரெண்டு காலுதான் அண்ணே வேலை செய்யுது. மீதியை இழுத்துட்டுத்தான் வரேன். அது எப்படின்னு என்னைத் தவிர இங்க யாருக்குத் தெரியும்? வெட்டுறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கரடி தான் வெட்டிய முதல் படியிலேயே மெதுவாக உட்கார்ந்தார்.

"கேக்கணும்னு தோணவே இல்ல" என்றார். "உனக்கு நல்லது செய்யறோம்கிற நெனப்பிலேயே இருந்துட்டேன். இப்பக் கேக்கறேன். எப்படி இருந்தா நீ வருவே?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் தும்பையிடம் கேட்டதில்லை.

"எனக்கும் முழுசாத் தெரியாதுண்ணே. இழுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றாள்.

அவள் பாறையின் மறுபக்கமாகச் சுற்றிப் போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள். அங்கே பாறை அவ்வளவு செங்குத்தாக இல்லை. மண்ணும் கல்லுமாகச் சரிந்து கிடந்தது. தும்பை ஏறிப் பார்த்தாள். ஓரிடத்தில் சறுக்கினாள்.

"இங்க நேரா ஏற முடியல. வளைச்சுப் போகணும்."

வேலன் உடனே அந்த இடத்தில் தோண்டிக் குறி வைத்தான்.

"சரளைக்கல் வயித்தைக் கிழிக்குது. குளத்து வண்டலை மேல பூசினா நல்லது. இங்க மூச்சு வாங்குது. நின்னு போறதுக்கு ஒரு சமமான இடம் வேணும்."

"சரி" என்றார் கரடி. "அப்புறம்?"

தும்பை தயங்கினாள். "குகைக்குப் பக்கத்திலேயே ஒதுங்க ஒரு மணல் குழி வேணும். நான் இத்தனை நாளாத் தண்ணியே குடிக்காம இருந்தேன் அண்ணே."

காத்தாயி அதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். "தாகமில்லன்னுதானே சொல்வே?"

"சொல்வேன்" என்றாள் தும்பை.

சரிவு வேலை தொடங்கியது. வேலன் தோண்டினான். கரடி கல்லைப் புரட்டினார். காத்தாயி வண்டல் சுமந்தாள். நரி முதலில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான். அப்புறம் அவனும் வந்து காலால் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினான். ஒவ்வொரு வளைவு முடிந்ததும் தும்பை ஏறிப் பார்ப்பாள். சரியில்லை என்றால் சரியில்லை என்பாள். கரடி முகம் சுளிக்காமல் பிரித்து மறுபடி கட்டினார். களஞ்சியப் பேச்சுகளையும் குளக்கரையை விட்டுக் குகைவாசலுக்கு மாற்றினார்.

ஒரு காலைப்பொழுதில் தும்பை அடியிலிருந்து கிளம்பினாள். யாரும் தூக்கவில்லை. யாரும் தள்ளவில்லை. வளைந்து வளைந்து, நின்று நின்று போனாள். குகைவாசலை அடைந்ததும் திரும்பிக் கீழே பார்த்தாள். பிறகு உடனே இறங்கினாள். மறுபடி ஏறினாள். வேறு ஒரு காரணமும் இல்லாமல், விரும்பினால் இறங்கலாம் என்பதற்காகவே இறங்கினாள்.

அன்று நண்பகல் அவளும் காத்தாயியும் குளத்துக்குப் போனார்கள். காத்தாயி பேச்சுவாக்கில், "அத்திப்பழம்தான் காட்டிலேயே உசத்தி" என்றாள்.

"உனக்கு நாக்கே கிடையாது" என்றாள் தும்பை. "அத்திப்பழம் ஒரு பழமா? பாதி பூச்சி."

காத்தாயி அசந்துபோய் அவளைப் பார்த்தாள். அப்புறம் இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகும் சண்டை ஓயவில்லை. தும்பையைச் சுமந்து சுமந்து தன் கழுத்து வலித்ததையும், அதைச் சொல்ல மனம் வராமல் இருந்ததையும் அந்தச் சண்டைக்கு நடுவேதான் காத்தாயி சொன்னாள்.

சில நாள் கழித்து, குகைவாசலில் எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது சரிவில் ஏதோ அசைந்தது. மெல்ல மெல்ல ஏறி வந்தது ஓர் ஆமை. குளத்தில் வாழும் அல்லி. எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஆனால் களஞ்சியத்தில் யாரும் அவளைப் பார்த்ததில்லை.

"எனக்கும் இங்க ஒரு வேலை கிடைக்குமா?" என்று கேட்டாள் அல்லி.

"இத்தனை வருஷமா இந்தக் குளத்திலதானே இருக்கே" என்றார் கருப்பண்ணன் வியப்போடு. "ஒரு நாளும் வேலை வேணும்னு கேக்கலையே?"

"பாறைக்குக் கீழே நின்னு பார்ப்பேன். திட்டுகளைப் பார்த்ததும் இது நமக்கான இடமில்லன்னு திரும்பிப் போயிடுவேன்" என்றாள் அல்லி. "அதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

நரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அல்லியைப் போல இன்னும் எத்தனை பேர் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள் என்று தும்பை நினைத்தாள்.

கருப்பண்ணன் எழுந்தார். அல்லிக்கு எது முடியும், எது முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் துடித்தது. அடக்கிக்கொண்டார். ஆமையின் எதிரே வந்து, அவள் கண்ணுக்கு நேராகத் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்தார்.

"உனக்கு என்ன வேலை செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டார். "அதை இங்க செய்யறதுக்கு நாங்க எதையெதை மாத்தணும்? நீ சொல்லு, நாங்க கேட்டுக்கறோம்."

அல்லி யோசித்து யோசித்துச் சொல்லத் தொடங்கினாள். நிறைய நேரமானது. ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

உடற்குறை உள்ள ஒருவருக்கு வேலை கொடுக்கிறவர், அவர் பிறர் தயவை எதிர்பாராமல் வந்து போய் உழைக்கும் வழியையும் அவரையே கேட்டுச் செய்து கொடுக்க வேண்டும்.